யாருடைய வெற்றி? – ஜாக் ஜான்சனும் பல்வாங்கர் பாலுவும்

(மாகறல் காலனியில் இளைஞர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



குத்துச்சண்டை பற்றிப் பேசணும்னு கேட்டிருந்தீங்க. 'சார்பட்டா பரம்பரை' 2021-இல் வந்ததிலிருந்து நம்ம பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டு மேல ஒரு தனி ஈடுபாடு வந்திருக்கு. சந்தோசம். ஆனா நான் இன்னைக்கு ஒரு ஆளைப் பத்தி இல்ல, ரெண்டு ஆளைப் பத்திப் பேசப் போறேன். ஒருத்தர் குத்துச்சண்டைக்காரர், அமெரிக்கக் கறுப்பர். இன்னொருத்தர் நம்மாளு, கிரிக்கெட்காரர். குத்துச்சண்டை கேட்டா கிரிக்கெட் சொல்றாரேன்னு நினைக்காதீங்க. ஏன் சேர்த்துச் சொல்றேன்கிறது போகப்போகத் தெரியும்.

1911-ஆம் ஆண்டுக் கோடை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு லண்டனில் முடிசூட்டு விழா. அதே கோடையில் இந்த ரெண்டு பேரும் இங்கிலாந்து மண்ணில் இருந்தார்கள். ஒருவர் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன். மற்றவர், பாட்டியாலா மகாராஜா தலைமையில் போன முதல் அகில இந்திய கிரிக்கெட் அணியின் பந்துவீச்சாளர் பல்வாங்கர் பாலு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதாக எந்தப் பதிவும் நான் படித்ததில்லை. ஆனால் ரெண்டு பேருடைய உடம்பையும் ஆதிக்கம் எப்படிக் கையாண்டது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு ஒரு விஷயம் பிடிபடும்.

முதலில் ஜான்சன். 1878 மார்ச் 31-இல் டெக்சாஸ் மாகாணத்தின் கால்வெஸ்டன் துறைமுக நகரத்தில் பிறந்தார். அப்பா, அம்மா ரெண்டு பேருமே அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். பையன் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போனான். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. நாலைந்து கறுப்புச் சிறுவர்களை ஒரே களத்தில் இறக்கிவிடுவது, சில சமயம் கண்ணைக் கட்டியும் விடுவது, ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு கடைசியில் நிற்கிறவனுக்குச் சில்லறையை விட்டெறிவது. சேவல் சண்டை தெரியும் இல்லையா, அதேதான். அந்தக் களத்திலிருந்து எழுந்து வந்தவர் ஜான்சன்.

1901-இல் ஜோ சோய்ன்ஸ்கி என்ற யூத இனத்து வீரர் கால்வெஸ்டனுக்கு வந்து ஜான்சனை அடித்து வீழ்த்தினார். பணத்துக்குச் சண்டை போடுவது டெக்சாஸில் சட்டவிரோதம் என்று சொல்லி ரெண்டு பேரையும் உள்ளே தள்ளினார்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஒரே சிறை. அங்கே அடித்தவர் அடி வாங்கியவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அடியைத் தடுப்பது, விலகுவது, எதிராளியைக் களைக்க வைத்துப் பிறகு அடிப்பது என்று பிற்பாடு ஜான்சனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வித்தைக்குச் சிறை ஒரு பள்ளிக்கூடம். (நம்ம ஆட்களும் சிறையில் படித்தவர்கள்தானே.)

1903-இல் 'கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன்' ஆனார். கறுப்பர்களுக்கு ஒரு பட்டம், வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பட்டம். அசல் உலகப் பட்டம் வெள்ளைக்காரர் கையில். அதை வைத்திருந்த ஜிம் ஜெஃப்ரிஸ், கறுப்பரோடு பட்டத்துக்காக மோத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசிவரை மோதாமலே 1905-இல் தோல்வியறியாதவராக ஓய்வு பெற்றார்! மோதாமல் இருந்தால் யாரும் தோற்க மாட்டார்கள். இதை 'நிறக்கோடு' என்று அழைத்தார்கள். கோயில் தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும், எங்கே திரும்பிவிடும் என்று தெரிந்த நமக்கு அந்தக் கோடு எங்கே இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு டாமி பர்ன்ஸ் என்ற கனடாக்காரரிடம் பட்டம் வந்தது. ஜான்சன் அவரைக் கண்டம் விட்டுக் கண்டம் துரத்தினார். கடைசியில் 1908 டிசம்பர் 26-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் சண்டை. பர்ன்ஸுக்கு 30,000 டாலர், ஜான்சனுக்கு 5,000 டாலர். கூலியிலேயே கோடு போட்டாச்சு! பதினான்காவது ரவுண்டில் பர்ன்ஸ் நிற்க முடியாமல் தடுமாறும்போது போலீஸ் குறுக்கே வந்து நிறுத்தியது. படமெடுத்துக்கொண்டிருந்த கேமராவையும் நிறுத்தினார்கள். வெள்ளைக்காரன் கீழே விழுகிற காட்சி உலகத்துக்குப் போகக் கூடாது.

உலகப் பட்டம் முதல் முறையாக ஒரு கறுப்பர் கையில். அதற்குப் பிறகு பாருங்க, ஜாக் லண்டன் மாதிரி உழைக்கும் மக்களைப் பற்றி எழுதிய, சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்ட எழுத்தாளரே, ஜெஃப்ரிஸ் திரும்பி வரவேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். வர்க்கம் பேசுகிற தோழர்களுக்கு இதை நினைவூட்டுவது என் கடமை. 'வெள்ளையர்களின் மாபெரும் நம்பிக்கை' என்று ஒரு சொல்லே அப்போது உருவானது. ஓய்வில் உடம்பு பெருத்துக் கிடந்த ஜெஃப்ரிஸைப் பட்டினி போட்டு இளைக்க வைத்துக் கொண்டுவந்தார்கள்.

1910 ஜூலை 4. அமெரிக்கச் சுதந்திர நாள். நெவாடா மாகாணத்தின் ரீனோ நகரம். கொளுத்துகிற வெயில். சுமார் 20,000 பேர், பெரும்பாலும் வெள்ளையர். ஜான்சன் சிரித்துக்கொண்டே, எதிராளியோடும் கூட்டத்தோடும் பேசிக்கொண்டே அடித்தார். அந்தச் சிரிப்புதான் அவர்களைக் கொன்றது. பதினைந்தாவது ரவுண்டில், அதுவரை யாராலும் வீழ்த்தப்படாத ஜெஃப்ரிஸ் தரையில் விழுந்தார்.

அன்றிரவு அமெரிக்கா முழுக்கப் பல நகரங்களில் கலவரம். வெற்றியைக் கொண்டாடிய கறுப்பர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். இருபது பேர் வரை செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். நம்ம ஆள் ஒருத்தன் செருப்புப் போட்டு நடந்ததுக்கும், மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போனதுக்கும் சேரியைக் கொளுத்துகிற நாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது ஆச்சரியமே வருவதில்லை.

சண்டைப் படத்தைப் பல நகரங்களில் தடை செய்தார்கள். தென்னாப்பிரிக்காவிலும் தடை. 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டு போகக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது. 1911-இல் லண்டனில் பில்லி வெல்ஸ் என்ற ஆங்கிலேயரோடு ஜான்சன் மோத ஏற்பாடாகியிருந்தது. பாதிரிமார்கள் எதிர்த்தார்கள். அப்போது உள்துறை அமைச்சர் யார் தெரியுமா, வின்ஸ்டன் சர்ச்சில். சண்டை சட்டவிரோதம் என்று அறிவித்து நிறுத்தினார்கள். கறுப்பர் ஒருவர் வெள்ளையரை அடித்துச் சாய்ப்பதைக் காலனி நாட்டு ஜனங்கள் பார்த்தால் ஆட்சி என்னாவது என்ற கவலையும் அந்த எதிர்ப்பில் கலந்திருந்தது. அந்தக் காலனி ஜனங்களில் நம்ம தாத்தாவும் அடக்கம்.

களத்தில் முடியவில்லை. அப்புறம் என்ன செய்தார்கள்? சட்டத்தை எடுத்தார்கள். 1910-இல் வந்த மான் சட்டம், பெண்களை விபச்சாரத்துக்காக மாகாணம் கடத்துவதைத் தடுக்க வந்தது. ஜான்சன் வெள்ளைக்காரப் பெண்களோடு வெளிப்படையாக வாழ்ந்தவர், மணந்தவர். 1912-இல் லூசில் கேமரன் என்ற பெண்ணை வைத்து வழக்குப் போட்டார்கள். அந்தப் பெண் சாட்சி சொல்ல மறுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜான்சனையே கல்யாணம் செய்துகொண்டார். உடனே பழைய தோழி ஒருவரைத் தேடிப்பிடித்து இன்னொரு வழக்கு. 1913 ஜூனில், முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி குற்றவாளி என்றது. ஓராண்டும் ஒரு நாளும் சிறை. சாதி மாறிக் காதலித்த நம்ம பையன் மேல் ஆள்கடத்தல் வழக்குப் போடுவது எந்தப் புத்தகத்தில் படித்த வித்தை என்று நினைக்கிறீர்கள்?

கறுப்பின மக்களுக்குள்ளேயே அவரைப் பற்றி ரெண்டு கருத்து இருந்தது. புக்கர் டி. வாஷிங்டன், இந்த ஆளால் இனத்துக்கே கெட்ட பேர் என்கிற முறையில் கண்டித்தார். டு போய்ஸ் 1914-இல், அவருடைய குற்றமெல்லாம் அவர் கறுப்பாக இருப்பதுதான் என்று எழுதினார். நான் டு போய்ஸ் பக்கம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஜான்சன் தன் மனைவி எட்டாவை அடித்தவர். அந்தப் பெண் 1912-இல் தற்கொலை செய்துகொண்டார். சாம்பியனான பிறகு சாம் லாங்ஃபோர்டு போன்ற கறுப்பின வீரர்களுக்குப் பட்டத்துக்கு மோத வாய்ப்புக் கொடுக்காமல், வெள்ளையரோடு மோதினால்தான் பணம் என்று போனவர். நம்ம வீரன் என்பதற்காக நம்ம வீட்டுப் பெண்கள் வாங்கிய அடியை மறைத்து எழுதுவது நமக்கு வேண்டாம்.

தண்டனைக்குத் தப்பி நாட்டைவிட்டு ஓடினார். 1915 ஏப்ரல் 5-இல், தன் 37-ஆவது வயதில், கியூபாவின் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் 26-ஆவது ரவுண்டில் பட்டத்தை இழந்தார். 1920-இல் திரும்பி வந்து சரணடைந்து சிறைவாசம் அனுபவித்தார். இன்னொரு கறுப்பருக்கு அந்தப் பட்டம் கிடைக்க 1937 வரை, ஜோ லூயிஸ் வரும் வரை, 22 ஆண்டுகள் ஆனது. லூயிஸுக்கு அவருடைய மேலாளர்கள் விதிகள் போட்டிருந்தார்கள்: வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே, ஜெயித்தால் எகத்தாளம் பண்ணாதே. அதாவது ஜான்சனாக இருக்காதே.

1946-இல் வட கரோலினாவில் கார் விபத்தில் ஜான்சன் இறந்தார். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கறுப்பர் என்பதால் அவமதிக்கப்பட்டு, கோபத்தோடு வண்டியை வேகமாக ஓட்டிப் போனார் என்று சொல்கிறார்கள். 2018-இல்தான் அமெரிக்க ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். தண்டித்து 105 வருசம் கழித்து, செத்து 72 வருசம் கழித்து!

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம்.

பல்வாங்கர் பாலு 1876-இல் தார்வாடில் பிறந்தவர். தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சமார் சாதி. அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை. பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தில் பெருக்கி, உருளை இழுக்கிற வேலைக்குப் பையன் சேர்ந்தான். மாசம் மூணு ரூபாய். அப்புறம் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் நாலு ரூபாய். அங்கே வலை கட்டுவது, பிட்ச் உருட்டுவது, நேரம் கிடைத்தால் துரைமார்களுக்குப் பந்து போடுவது. கிரெய்க் என்ற ராணுவ அதிகாரி பெரிய பேட்ஸ்மேன். அவருக்கு மணிக்கணக்காகப் பந்து போட்டே இடது கைச் சுழற்பந்து வீச்சில் பாலு தேறினார். தன்னை அவுட்டாக்கினால் ஒவ்வொரு தடவையும் எட்டணா கொடுப்பார் கிரெய்க் என்று ஒரு கதை உண்டு. ஆனால் மட்டையை மட்டும் பாலு கையில் யாரும் கொடுக்கவில்லை. அடிக்கிறது எஜமான் வேலை, போடுறது வேலைக்காரன் வேலை.

பூனா இந்துக்கள் வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க வேண்டும். அதுக்கு நல்ல பௌலர் வேணும். நல்ல பௌலர் தீண்டத்தகாதவர். என்ன செய்வது? பெரிய விவாதம் நடந்து, சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். (பந்தே தோல்தான், அதைத் தொட்டால் தீட்டில்லை.) தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற மண் கோப்பையில். சாப்பாடு தனி இடத்தில். இரட்டைக் குவளை என்று நாம் போராட்டம் நடத்துகிறோமே, அதற்குக் கிரிக்கெட் வரலாற்றில் இருக்கிற சாட்சி இது. பாலு விக்கெட்டுகளைக் குவித்து வெற்றி தேடிக் கொடுத்த பிறகு, சேர்ந்து ஆட முடியும் என்றால் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்ற பொருளில் ரானடே பேசினார். பாருங்க, ஜெயிச்சுக் காட்டினால்தான் சாப்பாடு.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. சின்ன வயசில் நானும் நல்லா பந்து போடுவேன். பக்கத்து ஊர் டீமோடு மேட்ச் என்றால் எங்க ஊர்த்தெருப் பையன்கள் காலனிக்கே வந்து, 'டேய், வாடா' என்று கூட்டிப் போவார்கள். செய்யாற்று மணலில் மேட்ச். தாகம் எடுத்தால் அவர்களுக்கு ஒரு வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் வரும். நான் பம்பு செட்டுக்கு நடந்து போய்க் கையால் அள்ளிக் குடித்துவிட்டு வரணும். ஒரு தடவை ஆறு விக்கெட் எடுத்தேன். சாயங்காலம் கோப்பையோடு ஊர்வலம் ஊர்த்தெருவில் போனது. நான் தெருமுனையில் நின்றுவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகவே நின்றேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பாலு பம்பாய்க்குப் போனார். ரயில்வேயில் வேலை, இந்து ஜிம்கானா அணியில் ஆட்டம். 1906-இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். நாடே கொண்டாடியது. பாலுவும் தம்பி சிவராமும் அந்த வெற்றியின் தூண்கள். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் இந்திய அணி பெரும்பாலும் தோற்றது. ஆனால் பாலு மட்டும் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தபோது பம்பாயில் நம்ம மக்கள் அவருக்கு வரவேற்புக் கொடுத்தார்கள். இளைஞரான அம்பேத்கருக்கும் பாலு ஒரு பெருமிதம்.

ஆனால் கேப்டன் பதவி? கிடைக்கவே இல்லை. கேப்டனாக இருந்த பார்ப்பனரான பை என்பவரே 1913-இல், இந்தப் பதவி மூத்தவரான பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தேர்வுக்குழு காதில் விழவில்லை. 1920-இல் பாலுவை அணியிலிருந்தே தூக்கினார்கள். தம்பிகள் சிவராமும் விட்டலும், சாதிதான் காரணம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அணியை விட்டு வெளியேறினார்கள். கிரிக்கெட்டில் அது ஒரு வேலைநிறுத்தம், தோழர்களே. அது பலித்தது. பாலுவைத் திரும்ப அழைத்துத் துணைக் கேப்டன் ஆக்கினார்கள். ஆட்டத்தின் நடுவில் பை மைதானத்தை விட்டு வெளியே வந்து, கொஞ்ச நேரம் பாலு அணியை நடத்த வழி விட்டார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த தலைமை. 1923-இல் தம்பி விட்டல் கேப்டனானார்.

இப்போ ரெண்டு பேரையும் சேர்த்துப் பாருங்க. ஜான்சன் களத்தில் தனி ஆள். அவர் அடித்த அடி அவருடையது. அந்த வெற்றியை எந்த வெள்ளைக்காரனும் 'நம்ம வெற்றி' என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் படத்தைத் தடுத்தார்கள், சிறையில் போட்டார்கள். பாலுவை யாரும் சிறையில் போடவில்லை. அவசியமே இல்லை. அவர் எடுத்த விக்கெட்டெல்லாம் 'இந்து' என்ற பெயரில் வரவு வைக்கப்பட்டது. இங்கே காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து நெய்கிறீர்களே, சேலைப் பெட்டி மேல் யார் பெயர் அச்சாகிறது?

இனி அரசியலுக்கு வருகிறேன். 1932 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு தீண்டத்தகாதவர்களுக்குத் தனித்தொகுதி கொடுத்தது. மாகாணச் சபைகளில் 71 இடம். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம். இடம் 148 ஆனது; ஆனால் தனி வாக்கு போய்விட்டது. கையெழுத்துப் போட்டவர்களில் அம்பேத்கர், நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பரங்கிமலை எம்.சி. ராஜா ஆகியோரோடு பி. பாலு என்ற பெயரும் இருக்கிறது. ராஜாவைப் போலவே பாலுவும் கூட்டுத்தொகுதிப் பக்கம் நின்றவர். 1935-இல் அம்பேத்கர் மதம் மாறுவேன் என்று அறிவித்தபோதும் எதிர்த்தார்.

கூட்டுத்தொகுதி என்றால் என்ன? நம்ம பிரதிநிதி யார் என்பதைக் கடைசியில் சாதி இந்துக்களின் ஓட்டுத் தீர்மானிப்பது. அதாவது இந்து ஜிம்கானா தேர்வுக்குழு! அந்தக் குழுவிடம் இருபது வருசம் அனுபவப்பட்டவர் பாலு. அவருக்குத் தெரியாததா? தெரிந்தும் ஏன் போனார்? துரோகி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மண் கோப்பையிலிருந்து துணைக் கேப்டன் வரை தன் கண்முன்னால் நகர்ந்ததைப் பார்த்த மனுசன் அவர். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மனசு மாறிவிடுவார்கள் என்று நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆறு விக்கெட் எடுத்துவிட்டுத் தெருமுனையில் நானாக நின்றேன் என்றேனே, அந்த நிற்றலுக்கும் இந்த நம்பிக்கைக்கும் உறவு இருக்கிறது.

1937 தேர்தல். பம்பாயில் அம்பேத்கர் நின்ற தொகுதியில் காங்கிரஸ் யாரை நிறுத்தியது? பாலுவை. நம்ம மக்கள் கொண்டாடிய வீரனையே நம்ம தலைவருக்கு எதிராக. கேப்டன் பதவிக்குக் கண்ணில் படாத ஆள், அம்பேத்கரைத் தோற்கடிக்க மட்டும் கண்ணில் பட்டார். அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225. இரண்டாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். அதே 1937 ஜூனில்தான் ஜோ லூயிஸ் சிகாகோவில் உலகப் பட்டத்தை ஜெயித்தார்.

பாலு 1955-இல் பம்பாயில் இறந்தார். ராமச்சந்திர குகா 2002-இல் இந்தியக் கிரிக்கெட் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தில் விரிவாகச் சொன்ன பிறகுதான் படித்தவர்கள் மத்தியில் அந்தப் பேர் திரும்பப் பேசப்பட்டது. நான் சொன்ன கிரிக்கெட் தகவல்களில் பாதி அங்கே படித்தவைதான். தமிழில் நம்ம பிள்ளைகள் இதை எழுதணும். வடசென்னைக் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றியும் எழுதணும்; அந்தப் பரம்பரைகளின் வயசானவர்கள் இருக்கும்போதே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்க.

கேள்வி நேரத்தில் மீதியைப் பேசுவோம். தனித்தொகுதி பற்றித் தம்பி ஒருத்தர் அப்பவே கை தூக்கிக்கிட்டு இருந்தார். டீ வந்திருக்கு போல. முதல்ல எல்லாரும் குடிங்க.